டோக்கன் 23

சிறுநீரக மருத்துவரின் வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் பாதி எம்.டி. முடித்த மாதிரி. எனக்கு முந்தின டோக்கன்காரர், கைப்பேசியில் தேடி, தனக்கு ஃபேப்ரி நோய் என்று முடிவுகட்டியே வந்திருந்தார். 1898-இல் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்த, மிக அரிதாகவே வரும் பரம்பரை நோய். எங்கள் ஊர் கிளினிக்கில் அடுத்த டோக்கனும் உள்ளேயே உட்காரலாம் என்பதால் மீதியையும் கேட்க நேர்ந்தது.

“உள்ளங்காலெல்லாம் எரியுது டாக்டர். சிறுநீர்ல நுரை வருது. அதேதான்.”

“சுகர் இருக்கா?”

“பன்னிரண்டு வருஷமா இருக்கு. மாத்திரையை நிறுத்திட்டேன். தினம் போட்டா கிட்னி போயிடுமாமே?”

“வேற ஏதாவது மாத்திரை?”

“ஒண்ணுமில்லை. மூட்டுவலிக்கு மட்டும் மெடிக்கல்ல கேட்டு வாங்கிக்குவேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

மருத்துவர் பேனாவை மூடிவைத்தார். எரிச்சலுக்கும் நுரைக்கும் சர்க்கரையே போதும் என்றும், சிறுநீரகத்தைக் கெடுப்பதில் அந்த வலி மாத்திரை பேர்போனது என்றும் பொறுமையாகச் சொன்னார். வந்தவர் முகம் வாடிவிட்டது. அபூர்வ நோய்க்கு உள்ள மரியாதை சர்க்கரைக்கு ஏது? சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வார், பாவம்!

“வாழைத்தண்டு ஜூஸாவது குடிக்கலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும்போது சிறுநீரகம் பெரும்பாலும் பாதி வேலையை நிறுத்தியிருக்கும். அதுவரை காத்திருக்காமல், சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின் பார்த்துவிடுங்கள்.