குதிரை வாய்த்திறப்பு வழக்கு: ஒரு மறுவிசாரணை

“கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்.” குதிரையின் தரப்பைக் கேட்காமலே தமிழர் நெடுங்காலமாக வழங்கிவரும் இத்தீர்ப்பை மறு ஆய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாட்சியாக எடுத்துக்கொண்டது மார்வாரிக் குதிரை. ஜோத்பூர் வட்டாரத்து இனம். தோளுயரம் ஏறத்தாழ ஐந்தடி. காதுகள் உள்நோக்கி வளைந்து நுனியோடு நுனி தொடும். இந்த அடையாளத்தையும் தவறவிடுபவர் ஆய்வுத்துறைக்கு வராமலிருப்பது நல்லது. 1930களில் அருகிவந்த இவ்வினத்தைக் காத்து வளர்த்தவர் ஜோத்பூர் மன்னர் உமைத் சிங். தமிழ்ப் பழமொழிக்கு ராஜஸ்தான் குதிரை சாட்சி சொல்லலாமோ என்பாரும் உளர். ஊர் வேறாயினும் வாய் ஒன்றே என்க.

முதலில் கொள்ளு. குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தின்றதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. ஆகவே நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதே அதன் இயல்பு. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு அன்றாடம் 6 முதல் 8 கிலோ உலர்தீனி வேண்டும். இப்படிப்பட்ட பிராணியை லாயத்தில் கட்டிப்போட்டு, நம் ஆபீஸ் நேரத்துக்கு ஏற்பக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தீனி காட்டினால், வாயைத் திறக்காமல் வேறெதைத் திறக்கும்? (கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுக்க வேண்டும். சோம்பலில் அப்படியே கொட்டினால் வயிற்றுவலி அதற்கு, வைத்தியச் செலவு நமக்கு.)

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழியே ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மடிந்ததாக எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லையாம். சோறும் கறியும் போட்டார்களாம். நம் விருந்தோம்பலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த லாயங்களில் கொள்ளு என்றதும் வாய் திறந்த குதிரை ஏதேனும் இருந்திருந்தால், அது பிழைக்கத் தெரிந்த குதிரை.

இனிக் கடிவாளம். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி உண்டு. கம்பி உட்காருவது அங்கே, ஈறின்மேல். மார்கழிக் காலையில் சில்லிட்ட இரும்பை நீட்டினால் வாய் ஏன் மூடுகிறது என்பதைப் பல் டாக்டரிடம் போய்வந்த எவரும் விளக்குவார். விவரமறிந்த குதிரைக்காரர் கம்பியை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி, கட்டைவிரலை அந்த இடைவெளியில் மெல்ல நுழைப்பார். வாய் தானே திறக்கும். பழமொழியின் பிற்பாதி இங்கே விழுந்தது.

குளம்பைப் பற்றிப் பழமொழி வாய் திறக்கவில்லை. எனினும் சொல்லி வைப்போம்: அன்றாடம் கல்லையும் சாணத்தையும் குதிப்பக்கத்திலிருந்து நுனி நோக்கிச் சுரண்டி எடுக்க வேண்டும்; ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரரை அழைக்க வேண்டும். நேர் பின்னால் நிற்பவர் குதிரையின் கண்ணில் படமாட்டார். பக்கவாட்டில், தோளருகே போகவும். அந்த அழகிய காதுகள் பின்னோக்கிப் படிந்துவிட்டால் விசாரணையை மறுதேதிக்கு ஒத்திவைக்கவும்.

ஆகவே குதிரை மீதான குற்றச்சாட்டு தள்ளுபடி செய்யப்படுகிறது. பழமொழியை மனிதர்கள்மேல் தொடர்ந்து பயன்படுத்தத் தடையில்லை.