ஷேர் ஆட்டோவில் முதலில் ஏறுவது அறிவுடைமையா? கும்மிடிப்பூண்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்: சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் சுமார் 48 கி.மீ. வந்தால் கும்மிடிப்பூண்டி. ஸ்டேஷனுக்கு வெளியே சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் ஷேர் ஆட்டோக்கள்.

சிக்கல்: ஷேர் ஆட்டோ மணி பார்த்துக் கிளம்பாது, ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். காசு எல்லாருக்கும் ஒன்றே. முதலில் ஏறுபவர் நெடுநேரம் காத்திருக்கிறார், கடைசியில் ஏறுபவர் காத்திருப்பதே இல்லை. ஆகவே கணக்குத் தெரிந்த எவரும் கடைசி ஆளாகவே ஏறுவார். எல்லாருக்கும் கணக்குத் தெரிந்துவிட்டால் ஆட்டோ நகராது. தொழிற்சாலையில் காலை ‘ஏ’ ஷிப்ட் தொடங்காது.

வகைப்பாடு: பயணிகள் மூவகையினர்: தலையேறி, இடையேறி, கடையேறி. இவருள் ஆய்வுக்குரியவர் தலையேறியே. பாரி முல்லைக்குத் தேரை ஈந்தான். இவரோ தேருக்குத் தன்னையே ஈகிறார்.

தடையும் விடையும்: ‘அவர் நல்ல சீட்டுக்காக முந்துகிறார், அதுவும் கணக்கே’ என்பாரும் உளர். அது பொருந்தாது. ‘கொஞ்சம் தள்ளிக்கோங்கண்ணா’ என்ற குரல் வந்ததும் அந்தச் சீட் பாதியாகிவிடும்.

அறிஞர் கூற்று: எல்லா வழியையும் அலசி மிகச் சிறந்ததைத் தேர்வது மனிதனால் ஆகாது, போதுமானது கிடைத்ததும் அவன் நின்றுவிடுகிறான் என்றார் ஹெர்பர்ட் சைமன் (நோபல் 1978). இரவு ‘சி’ ஷிப்ட் முடித்து ஊர் திரும்புபவர் இதற்குச் சான்று. கண்ணில் பட்ட முதல் ஆட்டோவில் ஏறித் தூங்கிவிடுவார். தன்னலக் கணக்கு ஒன்றையே அறிவாகக் கொண்டு நடப்போரை 1977இல் ‘பகுத்தறிவுள்ள முட்டாள்கள்’ என்றார் அமர்த்தியா சென். ஆட்டோவைச் சுற்றி, ஏறாமல் டீ குடித்துக்கொண்டு நிற்போரை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

டிரைவர் தரப்பு: இச்சிக்கலைக் கோட்பாட்டாளருக்கு முன்பே டிரைவர்கள் தீர்த்துவிட்டனர். ஒரு நண்பரைப் பின்சீட்டில் உட்காரவைப்பது முதல் உத்தி. நிஜப் பயணிகள் சேர்ந்ததும் அவர் இறங்கிக்கொள்வார். ‘இன்னும் ரெண்டே பேருண்ணா’ என்பது அடுத்தது. இந்த ‘இரண்டு’ ஒரு மாறிலி. வண்டி காலியாக இருந்தாலும் மாறாது.

முடிவு: ஊருக்கு ஒருவராவது கணக்குப் பார்க்காமல் ஏறினால்தான் மற்றவர் கணக்குப் பலிக்கும். எனவே தலையேறிக்கு அரைக் கட்டணம் பரிந்துரைக்கிறோம். அப்படிச் செய்தால் எல்லாரும் முதலில் ஏற முண்டியடிப்பர், முதலில் ஏறியது யார் என்ற வழக்கு தீரும்வரை ஆட்டோ கிளம்பாது என்கிறார் டிரைவர். பரிந்துரை திரும்பப் பெறப்படுகிறது.