ஓடலாமா, உட்காரலாமா?

கேள்வி: அணு உலையில் விபத்து என்றால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதானே? இதில் ஆராய்ச்சி என்ன வேண்டிக்கிடக்கிறது?

பதில்: ஃபுகுஷிமாவில் 2011 மார்ச்சில் அதைத்தான் செய்தார்கள். காலி செய்யும் வட்டம் 24 மணி நேரத்துக்குள் 2, 3, 10, 20 கிலோமீட்டர் என்று ஏறியது. பெட்ரோல் விலைகூட அப்படி ஏறாது! உலைக்கு அருகிலுள்ள நமியே ஊர்க்காரர்கள் பலர் தப்பித்தோம் என்று வடமேற்கே சுஷிமாவுக்குப் போனார்கள். கதிரியக்கத் துகள்களும் அங்கேயேதான் போயின. துகள் போகும் திசையைக் கணிக்க 'ஸ்பீடி' என்றொரு கணினி அமைப்பு இருந்தது. பெயரில் மட்டும்தான் வேகம். மக்களுக்குத் தகவல் வரவில்லை.

உலைக்கு அருகிலிருந்த ஃபுதாபா மருத்துவமனைக் கதை இன்னும் கொடுமை. படுத்த படுக்கையாக இருந்த முதியவர்களை பஸ்ஸில் உட்காரவைத்து மணிக்கணக்கில் அலையவிட்டார்கள். அங்கும் அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்திலும் இருந்தவர்களில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கதிர்வீச்சால் அல்ல, அலைச்சலாலும் கவனிப்பின்மையாலும்.

ஆகவே, யாரை உடனே நகர்த்தக் கூடாது என்பதும் இப்போது பெரிய ஆய்வு. ஜப்பானில் உலைகளுக்கு அருகிலுள்ள சில மருத்துவமனைகளில், வடிகட்டிய காற்றை அழுத்தத்தோடு நிரப்பும் அறைகள் அமைத்திருக்கிறார்கள். வெளிக்காற்று நுழையாது, ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கேயே இருக்கலாம்.

2014-ல் ஜப்பானின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், ஸ்பீடி போன்ற கணினி ஜோசியம் வேண்டாம், களத்தில் அளந்து பார்த்தே முடிவெடுப்போம் என்றது. அளந்து முடிப்பதற்குள் துகள் மூச்சில் போய்விட்டால் என்று சில மாகாணங்கள் மல்லுக்கு நின்றன. 2016-ல் அரசு இறங்கிவந்தது: ஜோசியம் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் உங்கள் சொந்தப் பொறுப்பில்!