அனுபவம் உண்டா?

கேள்வி: பி.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டேன். எந்தப் பள்ளிக்குப் போனாலும் 'அனுபவம் உண்டா?' என்கிறார்கள். வேலையே தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்?
- ஒரு வாசகி, போர்ட் பிளேர்

பதில்: மாப்பிள்ளையிடம் இப்படிக் கேட்டால் கல்யாணமே நின்றுவிடும், ஆசிரியரிடம் மட்டும் கூசாமல் கேட்கிறார்கள்! உங்கள் ஊர்கூட 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது, இந்தக் கேள்வி மாறவில்லை. பி.எட். பயிற்சிக்காகப் பள்ளிகளில் பாடம் நடத்தினீர்களே, அதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அரசுப் பள்ளி என்றால் வழி வேறு. சென்னைச் சித்தப்பா 'டெட் எழுதும்மா' என்பார். அந்த ஆசிரியர் தகுதித் தேர்வு தமிழ்நாட்டுக்கு. அந்தமானுக்கு மத்திய அரசின் சி-டெட். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க இரண்டாம் தாள். 150-க்கு 90 எடுத்தால் பொதுப் பிரிவில் தேர்ச்சி. மொழிப் பகுதிக்குத் தமிழையே எடுக்கலாம். சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் அது வேலையைக் கையில் தராது, விண்ணப்பிக்கும் தகுதியை மட்டுமே தரும்.

வேலை கிடைத்து, கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பே என்று ஆணை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். குமட்டலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு கப்பலேறுங்கள். நீங்கள் யோசிப்பதற்குள் வேறொருவர் ஏறிவிடுவார்.