மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு வெசனக் கடுதாசி

சென்னையில இருக்கற மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு, பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரன் எழுதிக்கறது.

பாராட்டத்தான் எழுதறேன், பயப்படாதீங்க. கொரோனா வார்டுல கெடந்து வேலை பார்த்த நர்ஸுங்களுக்கு ஒரு சீக்கு வந்துச்சு. நீங்க கோப்புல மன அழுத்தம்னு எழுதுவீங்க, எங்கூர்ல வெசனம். அதுக்கு நீங்க கண்டுபிடிச்ச மருந்து வேற எங்கயும் கெடைக்காதுங்க.

எங்க பக்கத்து வீட்டுப் புள்ள நர்ஸு. 2021 மே கடைசியில தினசரித் தொற்றுல கோவை மாவட்டம் சென்னையவே தாண்டுச்சே, அப்ப அது கொரோனா வார்டுல. கவச உடைய மாட்டிட்டா டூட்டி முடியற வரைக்கும் தண்ணி குடிக்காது. குடிச்சா ஒண்ணுக்குப் போகோணும், போனா உடையக் கழட்டோணும். எங்க தோப்பு எளநி லாரியேறி எங்கெங்கயோ போகுது, அந்தப் புள்ளைக்கு ஒரு மடக்கு இல்ல. மூச்சு எளைக்கற பெருசுங்க மூஞ்சிக்கு முன்னால செல்போனப் புடிச்சு மகன்கிட்டப் பேச வெச்சதும் அதுதான். விடியக்காலம் அதே நம்பருக்குக் கூப்பிட்டுத் தகவல் சொன்னதும் அதுதான். இன்னைக்கும் வாஷிங் மெஷினு தொவச்சு முடிச்சு 'பீப்'னா, மானிட்டர்னு எந்திரிச்சு ஓடுது.

வைத்தியம் டெல்லியில ஆரம்பிச்சுதுங்க. 2020 மார்ச் 22 சாயங்காலம் நர்ஸு, டாக்டருங்களுக்காகக் கைதட்டுனோம். நானும் தட்டத் தட்டுனேன். மே 3-ல ஹெலிகாப்டர்ல பூத் தூவுனாங்க. அந்த வருசத்துக்கே உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டுன்னு பேரு வெச்சிருந்துச்சு, நைட்டிங்கேல் அம்மா பொறந்து 200 வருசமாச்சுன்னு. கொரோனாவுக்கும் அந்த அழைப்பிதழ் போயிருக்கும்போல.

அப்பறம் உங்க முறை. 2022 அக்டோபர்ல 14416-ன்னு ஒரு நம்பரு கொடுத்தீங்க. 'நட்புடன் உங்களோடு'ன்னு பேரு. வெசனம்னா கூப்பிடலாம், நல்ல காரியம். ரெண்டே மாசம். டிசம்பர் 31-ஓட, 14,000 ரூவாத் தொகுப்பூதியத்துல கொரோனாவுக்குன்னு எடுத்த நர்ஸுங்க ரெண்டாயிரத்துக்கு மேல வீட்டுக்குப் போலாம்னுட்டீங்க. வேலையே இல்லாதப்ப வேலைப்பளு எங்கிருந்து வரும்? நான் சொன்ன மருந்து இதுதானுங்க!

விதிப்படி எடுக்கலைன்னு காரணம் சொன்னீங்க. சரிதான். விதியப் பார்க்காம எடுத்தது கவர்மெண்டு, வீட்டுக்குப் போனது நர்ஸு. எங்க மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு வெல பேசுவோம். வாங்கறவன் பண்ணுன தப்புக்கு மாட்டப் பட்டினி போடறது அங்க வழக்கமில்லீங்க.

சேலத்துலயும் சென்னையிலயும் ரோட்டுல உக்காந்தாங்க. 18,000 ரூவாய்க்கு மறுபடியும் தற்காலிக வேலை தர்றோம்னீங்க. வெசனத்துக்குத் 'தற்காலிகம்'னு இன்னொரு பேரு இருக்கறது அப்பத்தான் வெளங்குச்சு. வார்டுல சாவப் பார்த்ததுக்குக் கூட மனசு பழகிருதாம். அடுத்த மாசம் வேலை இருக்குமாங்கறதுக்குத்தான் பழக மாட்டேங்குதுன்னு அந்தப் புள்ள சொல்லுது. 14416-ல இதுக்கு என்ன சொல்லுவாங்க? மூச்ச இழுத்து மெதுவா விடச் சொல்லுவாங்களா?

ஒண்ணு மட்டும் ரகசியமாச் சொல்லி வெக்கறேன். பக்கத்துல ஆனைமலையில மாசாணியம்மன் இருக்கறா. அநியாயம் பண்ணுனவங்க பேரச் சொல்லி நீதிக்கல்லுல மொளகா அரைச்சுப் பூசுனா அவங்க ஒடம்பு எரியும்னு நம்பிக்கை. நானும் மொளகா வாங்கி வெச்சுட்டு, "போலாமா அம்மணி?"ன்னு கேட்டேன். அந்தப் புள்ள வேண்டாம்னுருச்சுங்க.

"எரிச்சல்னு அவங்க ஆஸ்பத்திரிக்குத்தானுங்க மாமா வருவாங்க. ராத்திரி டூட்டிக்கு ஆள் பத்தாது."