பிரசாதம் எங்கேடா?

ஹிடன்வில் என்று அமெரிக்காவில் ஒரு கற்பனை ஊர். அங்கே குடியிருக்கும் குடும்பத்தில் அப்பா பறப்பார், அம்மா விரல் நுனியில் மின்சாரம் எடுப்பாள். மூத்த பிள்ளைகள் இரட்டையர், ஃபீபியும் மேக்ஸும். கையை நீட்டினால் சாமான் தானாக நகர்ந்து வரும்; ஊதினால் எதிரே நிற்பது உறைந்துபோகும். 2013இல் நிக்கலோடியன் தொடங்கிய ‘தி தண்டர்மேன்ஸ்’ தொடர் இது. இத்தனை சக்தியையும் அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் ஒளித்துவைத்துக் காலம் தள்ளுவதுதான் கதை.

பறப்பதை நான் உடனே நம்பிவிட்டேன். அக்கம்பக்கத்துக்குத் தெரியவில்லை என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

நான் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர்க்காரன். எங்கள் வாயில் அது திருப்பாப்புலியூர். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மீன் கழுவினால் அது என்ன மீன், எந்தக் கூடைக்காரியிடம் வாங்கியது, என்ன விலைக்குப் படிந்தது என்பதெல்லாம் நாலாம் வீட்டுக்குத் தெரியும். கொரோனா காலத்தில் முகக்கவசம், தொப்பி சகிதம் மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பெரியவர், “நீ இன்னார் புள்ளதான? அதே நடை” என்றார். 1997இல் தூர்தர்ஷனில் வந்த சக்திமான், மூக்குக்கண்ணாடியும் தெற்றுப்பல்லும் வைத்துக்கொண்டு கங்காதர் என்கிற பெயரில் வருஷக்கணக்கில் ஊராரை ஏமாற்றினார். கடலூரில் அது முதல் வாரத்தோடு முடிந்திருக்கும்.

தண்டர்மேன்ஸை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அக்கா பையன், ஏழாவது படிப்பவன். அவன் பார்ப்பான், பக்கத்தில் ஆயா உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வாள். ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது கதை புரிவதற்குத் தடையாக இருந்ததில்லை. அந்த அம்மாவின் விரலில் மின்சாரம் சீறியபோது, “இவ இன்னாடா, நெய்வேலிக்காரியா?” என்று கேட்டாள். எங்கள் மாவட்டத்தில் 1962இலிருந்து நெய்வேலி நிலக்கரியால் மின்சாரம் எடுக்கிறார்கள். எங்கள் வீட்டிலோ 2012 வாக்கில் மின்வெட்டில் கைவிசிறி தேய்ந்தது. ஆயா கேட்டதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருந்தது. ஃபீபி ஊதி ஆளை உறையவைத்த காட்சிக்கு, “காபி ஆத்தறதுக்கு ஆவும்” என்றாள்.

நம் ஊரிலும் இந்த வகைத் தொடருக்குக் குறைவில்லை. 2004 வாக்கில் சன் டிவியில் ‘மை டியர் பூதம்’ வந்தது. பூத உலகத்திலிருந்து சாபம் வாங்கிக்கொண்டு பூமிக்கு வந்த மூஸா, மொட்டைத் தலையும் ஒற்றைக் குடுமியுமாகப் பிள்ளைகளோடு ஒண்டிக்கொள்வான். மூஸாவாக நடித்தவர் அபிலாஷ். பின்னாளில் கதாநாயகியான நிவேதா தாமஸ் அதில் சிறுமி. அந்தச் சமயம் பார்த்துச் சிதம்பரம் சித்தி தன் மகனை வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டுவந்தாள். கீழ வீதி முழுக்க அவனை மூஸா என்றே கூப்பிட்டது. இன்று அவனுக்குக் கல்யாணமாகி, மாமனார் வீடு வரைக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆனால் எங்கள் பக்கத்தில் ரகசிய சக்தி வைத்திருந்த பையன்கள் டிவிக்கு ஆயிரம் வருஷம் முன்பே இருந்திருக்கிறார்கள். புராணத்தைப் புரட்டினால் எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள்: சாப்பாட்டில்.

முதல் பிள்ளை சீர்காழியில். சிதம்பரத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று பஸ்காரர்கள் சொல்வார்கள். மூன்று வயதுச் சம்பந்தர் குளக்கரையில் உமையம்மை கொடுத்த ஞானப்பாலைக் குடிக்கிறார். குளித்துக் கரையேறிய அப்பா பிள்ளையின் கடைவாயில் பால் வழிவதைப் பார்க்கிறார். உடனே கோலை ஓங்குகிறார். யார் கொடுத்த பாலைக் குடித்தாய் என்பதுதான் கேள்வி. ஞானமெல்லாம் அப்புறம், கண்டவர் கையில் வாங்கிச் சாப்பிடலாமா என்பது முதல். இந்த அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லார் வீட்டிலும் இருக்கிறார்.

அடுத்தவர் எங்கள் மாவட்டத்துப் பிள்ளை, காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி. இவர் கதையை யாராவது தொடராக எடுக்கவேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பாரில்லை. அப்பா கோயில் குருக்கள். ஒருநாள் வெளியூர் போகும்போது பிள்ளையார் பூசையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். பையன் நைவேத்தியத்தை வைத்துச் சாப்பிடு என்கிறான். பொல்லாப் பிள்ளையார் அசையவில்லை. பூசையில் ஏதோ குறை என்று பயந்து, பையன் கல்லில் தலையை முட்டிக்கொள்ளப் போகிறான். பிள்ளையார் தடுத்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடுகிறார். இதற்குள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, வாத்தியார் அடிப்பார். அதனால் பாடத்தையும் நீயே சொல்லிக்கொடு என்று பையன் பிள்ளையாரிடமே மல்லுக்கு நிற்க, அவரும் சொல்லிக்கொடுக்கிறார். டியூஷன் வரைக்கும் கதையில் இருக்கிறது!

காலிப் பாத்திரத்தோடு வீட்டுக்கு வந்தவனிடம் வீடு கேட்ட கேள்வி, “பிரசாதம் எங்கேடா?”

பிள்ளையார் சாப்பிட்டுவிட்டார் என்றால் எந்த வீடு நம்பும்? மறுநாளும் அவனையே அனுப்பிவிட்டு அப்பா ஒளிந்திருந்து பார்த்தார். ரகசியம் அத்தோடு முடிந்தது. சேதி சோழ ராஜா வரை போனது. ராஜராஜன் என்பது மரபு. ராஜாவும் வெறுங்கையோடு வரவில்லை. வாழைப்பழம், தேன், அவல், எள்ளுருண்டை என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார். பிள்ளையாரை எப்படிப் பேசவைப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இத்தனை சக்தியை வைத்துக்கொண்டு அந்தப் பையன் என்ன செய்தான்? பறக்கவில்லை, யாரையும் உறையவைக்கவில்லை. மூவர் பாடிய தேவார ஏடுகள் எங்கே என்று ராஜா கேட்டார். தில்லைக் கோயிலில் பூட்டிய அறைக்குள் இருக்கிறது என்று பிள்ளையாரைக் கேட்டுச் சொன்னான். பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள் தீட்சிதர்கள். ராஜா மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். பெரிய வக்கீல் மூளை. கதவு திறந்தால் ஏடுகளைப் புற்று மூடியிருந்தது, கிடைத்தது மிச்சம்தான்.

தொலைந்த சாமானைக் கண்டுபிடிப்பது! எந்த அமெரிக்கத் தொடரிலும் இப்படியொரு சக்தியை யாருக்கும் கொடுத்ததாக நான் பார்த்ததில்லை. ரேஷன் கார்டு, ஆயாவின் கண்ணாடி, கேஸ் புத்தகம், அக்காவின் பத்தாவது மார்க் ஷீட் என்று எங்கள் வீட்டில் மட்டும் அதற்கு ஆயுள் முழுக்க வேலை இருக்கிறது.

வள்ளலார் கதையும் இதே வழிதான். 1823இல் மருதூரில் பிறந்து, ஐந்தாம் மாதத்தில் தில்லையில் திரை விலகியதும் சிதம்பர ரகசியத்தைப் பார்த்துச் சிரித்த குழந்தை என்பார்கள். (எங்கள் மாவட்டத்தின் ஒரே அதிகாரபூர்வ ரகசியம் அது. அதைக்கூடத் திரையை விலக்கித் தங்க வில்வ மாலையைக் காட்டிவிடுகிறார்கள்.) சென்னையில் வளர்ந்தபோது, படிக்காமல் திரிகிறான், சோறு போடாதே என்று அண்ணன் கட்டளை போட்டார். அண்ணி பாப்பாத்தி யாருக்கும் தெரியாமல் சோறு போட்டாள். அண்ணனுக்கு உடம்பு சரியில்லாத ஒருநாள் அவருக்குப் பதிலாகப் பெரியபுராணம் சொல்லத் தம்பி போனான். சம்பந்தர் கதையைச் சொன்னான். ஊர் வாயைப் பிளந்தது. அந்தப் பிள்ளை பெரியவராகி 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கிப் பற்றவைத்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அண்ணியின் சோற்றுக்கும் அந்த அடுப்புக்கும் சம்பந்தம் உண்டென்பது என் கட்சி.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டுக்கு முன்னால் வைத்து அக்கா பையனுக்குச் சொன்னேன். அவன் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

“எனக்கு சக்தி வந்தா புயலை நிறுத்திடுவேன் மாமா. தானே மாதிரி வந்தா அப்படியே ஊதித் தள்ளிடுவேன்.” 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது அவன் பிறந்திருக்கவே இல்லை. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் சாய்ந்த கதையை ஆயா சொல்லிச் சொல்லி அவனுக்கு அது நேரில் பார்த்த மாதிரி.

“புயலுக்கு நாள் கெடக்குது. மொதல்ல கேஸ் சிலிண்டரை உள்ள கொண்டாந்து வை” என்றாள் ஆயா.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் ஆயா. கண்ணுக்கே தெரியாம மறைஞ்சுடுவேன்.”

“மறைஞ்சுக்கோ. தட்டு தெரியுமில்ல?”

பையன் யோசித்தான். உண்மையான சிக்கல்தான். ஆள் தெரியவில்லை என்றால் அவன் கையில் இருக்கும் இட்லி தெரியுமா? வாய்க்குள் போனபிறகாவது மறையுமா, இல்லை வயிற்றில் அந்தரத்தில் தொங்குமா? என்னைப் பார்த்தான். வாய்க்குள் போனதும் மறைந்துவிடும் என்று தீர்ப்புச் சொன்னேன்.

ஆயா காலியான இட்லிப் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள். “அதுக்கு எதுக்குடா சக்தி? இந்த வீட்ல தெனம் அதான நடக்குது.”