கூப்பிட்டால் வருகிறார்கள், போதுமா?

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை வெளி நிறுவனம் ஒன்று மாதக் கட்டணத்துக்குக் கவனித்துக்கொள்கிறது. போன் செய்தால் பத்தே நிமிடத்தில் ஆள் வந்துவிடுகிறார். நல்ல நிறுவனம்தானே?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வேகமாக வருவது சரி, ஏன் அடிக்கடி வரவேண்டியிருக்கிறது? ஆறு மாதப் புகார்ப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். ஒரே சர்வர் கோளாறு மாதாமாதம் தலைகாட்டினால், அவர்கள் அதைத் தீர்க்கவில்லை. தாலாட்டித் தூங்கவைத்துவிட்டுப் போகிறார்கள்.

அதைவிட முக்கியம் பேக்கப். ‘தினமும் எடுக்கிறோம் சார்’ என்ற பேச்சோடு விட்டுவிடாதீர்கள். போன மாத டாலி கணக்கை வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் கண்முன் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தபோது, வைத்திருந்த 5 பேக்கப் வழிகளில் ஒன்றுகூட ஒழுங்காக இயங்கவில்லை என்று அவர்களே அறிவித்தார்கள். சுமார் 6 மணி நேரத் தகவல் போனது. மென்பொருளையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே அந்தக் கதி!

ஒப்பந்தத்தில் ‘99.9 சதவீத நேரம் இயங்கும்’ என்றிருந்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய 9 மணி நேரம் படுத்துக்கொள்ள நீங்களே அனுமதி தந்திருக்கிறீர்கள். அது ஷிப்மென்ட் நாளில் வந்தால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். அட்மின் பாஸ்வேர்ட் உங்கள் கையிலும், டொமைன் உங்கள் பெயரிலும் இருக்கின்றனவா என்பதையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.